பேய் வீடு என்று சொல்லிவிட்டால் போதுமா?

பழைய குடும்ப வீடு ஒன்றைப் பற்றி "அங்க ராத்திரியில காலடிச் சத்தம் கேக்கும்" என்று யாராவது ஆரம்பித்தால் சுற்றி இருக்கிற எல்லாரும் நெருங்கி உட்கார்ந்துகொள்வார்கள். நானும்தான். ஆனால் எந்த அறை, எத்தனை மணி, வெள்ளைப் புடவையா கறுப்பா என்பதையெல்லாம் ஒப்பிக்கிறவர்களிடம் செத்தது யார், என்ன வயசு, எப்படிச் செத்தார் என்று கேட்டுப் பாருங்கள். "அது சரியாத் தெரியல, ஏதோ தற்கொலைன்னு சொல்வாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

சொந்தக் குடும்பத்து வீடு என்றால் இன்னும் மோசம். அந்த 'ஏதோ'வுக்குள் அடி இருக்கலாம், சொத்துத் தகராறு இருக்கலாம், வைத்தியம் பார்க்காமல் போட்டு வைத்தது இருக்கலாம். பேய் என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, செத்தவர்தான் இருக்கிறவர்களைத் தொந்தரவு செய்கிறார் என்று பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. இந்தக் கதைகளில் வருவது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பது ஏன் என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அமெரிக்காவில் சான் ஹோசே நகரத்தில் இருக்கும் வின்செஸ்டர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வின்செஸ்டர் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகளுக்குப் பயந்து, குறி சொன்ன ஒருத்தர் பேச்சைக் கேட்டு, அந்தத் துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்து மருமகள் சாரா வின்செஸ்டர் ராத்திரி பகலாக வீட்டைக் கட்டிக்கொண்டே இருந்தார் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. அப்படி ஒரு குறிக்காரர் அவருக்கு ஏதாவது சொன்னார் என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஆதாரம் இருப்பது வேறு விஷயங்களுக்கு. 1866-இல் பிறந்த மகள் சில வாரங்களில் இறந்தாள், 1881-இல் கணவர் காசநோயில் போனார். 1886-இல் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, தானே யோசித்து யோசித்துப் பெரிதாக்கிக் கட்டிய பெண் அவர். அங்கே ஒரு படிக்கட்டு உண்டு, 44 படி, ஒவ்வொன்றும் சுமார் 2 அங்குல உயரம்தான், ஏழு தடவை வளைந்து வளைந்து ஏறினாலும் மொத்தம் 9 அடி உயரம்கூடப் போயிருக்க மாட்டீர்கள். ஆவிகளைக் குழப்புவதற்காகக் கட்டியதாம்! அவருக்குக் கடுமையான மூட்டுவாதம். காலைத் தூக்கி வைக்க முடியாதவர் தனக்கு ஏற்ற மாதிரி படி கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். திறந்தால் கீழே விழ வேண்டிய கதவு இருக்கிறதே என்பார்கள். 1906 பூகம்பத்தில் வீட்டின் மேல்பகுதி இடிந்துபோனது, இடிந்ததைத் திரும்பக் கட்டாமல் அகற்றிவிட்டால் கதவு வேறு எங்கே திறக்கும்? 1922-இல் அவர் இறந்த மறு வருடமே வீட்டைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார்கள், கதைக்கு நல்ல விலை கிடைத்தது. கணவர் பெயரில் காசநோய் மருத்துவமனைக்கு அவர் அள்ளிக் கொடுத்த பணம் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை.

அதே அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து அமிட்டிவில் ஊரில் இருக்கும் வீட்டுக் கதை இன்னும் கேவலம். 1974 நவம்பர் 13 அதிகாலையில் மூத்த மகன் தன் அப்பா, அம்மா, தங்கைகள் இருவர், தம்பிகள் இருவர் என ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். கடைசித் தம்பிக்கு 9 வயசு. அடுத்த வருடம் டிசம்பரில் அங்கே குடிவந்த குடும்பம் பேய்த் தொல்லை என்று சொல்லி 28 நாளில் காலி செய்தது. அதற்கப்புறம் உலகமே பேசியது அந்த 28 நாளைப் பற்றித்தான். ஒயின் பாட்டில்களைக் காலி செய்துகொண்டே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஜோடித்த கதை அது என்று கொலையாளியின் வக்கீலே பின்னாளில் சொன்னார். அந்த வீட்டில் பிறகு வாழ்ந்தவர்களுக்குத் தொல்லை கொடுத்தது வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான், வீட்டு எண்ணையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த 9 வயசுப் பையனைப் பற்றி ஒரு வரி தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

சரி, "எனக்கே அப்படி நடந்திருக்கு" என்பவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் கேள்வி கேட்காமல் ஓடுகிற இன்னொரு வழிதான். 1921-இல் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து காலடிச் சத்தம், யாரோ பின்னால் வருகிற உணர்வு, எல்லாருக்கும் தலைவலி, பிள்ளைகள் வெளிறிப்போனார்கள், தொட்டிச் செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி அதன் புகை வெளியே போகாமல் அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தது கார்பன் மோனாக்சைடு, மூளையையே குழப்பிவிடும் விஷவாயு. அவர்கள் உணர்ந்ததில் பொய் எதுவும் இல்லை. பேய் என்று நம்பி மந்திரித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். சரியான நேரத்தில் யாரோ ஒருவர் போய் உலையைத் திறந்து பார்த்திருக்கிறார்.