முதல் நாள் கேட்ட கேள்விக்கா இவ்வளவு சிரிப்பு?

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப்புக்கு வந்த பெண், முதல் நாளே டீம் குரூப்பில் கேட்கிறாள்: "என்வ் ஃபைல் எங்க இருக்கு? ரெப்போல காணோமே." (ரெப்போ என்றால் டீமின் கோட் மொத்தமும் இருக்கும் பொது இடம்.) அந்தக் கேள்வியை வெட்டி எடுத்து, "இந்த பேட்ச்சை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது" என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளோடு ஒரு சீனியர் போட்டிருக்கிறார். பெயரை மறைத்துவிட்டாராம். மகா பெருந்தன்மை. புரொஃபைல் படம் பளிச்சென்று தெரிகிறது.

வெளியாட்கள் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். சிரித்தவர்களில் பலர் இதே வேலை பார்ப்பவர்கள். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான்.

ஏனென்றால் அவள் கேட்டது சரியான கேள்வி. என்வ் ஃபைல் என்பது புரோகிராம் ஓடத் தேவையான செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல்; டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, வெளிச் சேவைகளை அணுக உதவும் ஏபிஐ கீ போன்ற ரகசியங்கள் அதில் இருக்கும். அதனால்தான் கிட்இக்னோர் என்ற விலக்குப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்து, ரெப்போவுக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறோம். ரெப்போவை நம் கணினிக்குக் குளோன் செய்தால், அதாவது நகலெடுத்தால், அது வராது, வரவும் கூடாது. உள்ளே இருக்கும் ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. பூட்டிய வாசலில் நின்று சாவி கேட்டவளைப் பார்த்து, கதவு திறக்கத் தெரியவில்லை என்று கைகொட்டிச் சிரிக்கிறீர்கள்.

"கூகுள் பண்ணிப் பாக்கலாமே?" என்று ஒருவர். ஐயா, உங்கள் கம்பெனியின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கூகுளில் கிடைக்கும் நாளில் உங்களுக்குச் சிரிக்க நேரம் இருக்காது. "ஏஐகிட்ட கேட்டிருக்கலாம்" என்று இன்னொருவர். அதுவும் உங்கள் டீமில் கேளுங்கள் என்றுதான் சொல்லும். அதைத்தானே அவள் செய்தாள்?

கேட்காமல் இருந்தால் மட்டும் விடுவீர்களா? சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனியின் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? கம்பெனிப் பெயரோடு 123 சேர்த்து வைத்த ஒரு பாஸ்வேர்டு, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அதைக் கேட்டபோது, முன்னாள் தலைமை நிர்வாகி கை நீட்டியது யாரை? ஒரு இன்டர்னை. அப்படி ஒரு பாஸ்வேர்டை அனுமதித்தது யார், அது வெளியே கிடப்பதை யாரும் கவனிக்காமல் விட்டது எப்படி? அதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். ஆக, கேட்டால் கேலி, கேட்காமல் ஏதாவது ஆனால் பழி.

என் முதல் நாளைச் சொல்கிறேன். லேப்டாப் கையில் வரவே மதியம் தாண்டியது. செட்டப் டாக்குமென்ட் என்று ஒரு லிங்க் கொடுத்தார்கள். திறந்தால், இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி தர வேண்டியவர் விடுப்பில். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்து ஒரு காப்பி அனுப்பினார். அதில் இருந்த முதல் கமாண்டை அடித்ததுமே திரையில் 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ' என்று வந்து நின்றது. நான்தான் என்று சர்வருக்கு அடையாளம் காட்டும் என் எஸ்எஸ்எச் கீயை எங்கே சேர்க்க வேண்டும் என்று அந்த டாக்குமென்டில் ஒரு வரி இல்லை. எழுதியவருக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. மாலையில் ஒருவர் வந்து, "இன்னிக்கு என்ன பண்ணின?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் பண்ணலையா, சரி சரி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் 'சரி சரி' இன்னும் காதில் இருக்கிறது.

உடனே கிளம்பி வருவார்கள்: "நாங்களும் இப்படித்தாங்க கஷ்டப்பட்டு வந்தோம், யாரும் ஊட்டிவிடல." கஷ்டப்பட்டீர்கள், சரி. அப்புறம் எதற்கு அதே ரீட்மீயை, அந்த வழிகாட்டிக் குறிப்பை, அப்படியே வைத்திருக்கிறீர்கள்? பட்டவருக்குத்தானே எங்கே இடறும் என்று தெரியும். அடிப்படை தெரியாமல் வருகிறார்கள் என்கிறீர்களா? சிலர் வருகிறார்கள், அதை இன்னொரு நாள் பேசுவோம். இந்தப் பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள்.

ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள்ளத் தெரியாத ஆள் இல்லை நான். 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் என்ற ஓடிடி தளத்தின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வெற்று டெஸ்ட் மெயில் போய்விட்டது. இன்டர்ன்தான் அனுப்பினார் என்று கம்பெனியே சிரிப்போடு சொல்லி, அவருக்குத் துணையாக இருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டது. உலகம் முழுக்க சீனியர்கள் வந்து தாங்கள் எதையெல்லாம் கவிழ்த்தோம் என்று அந்த இன்டர்னுக்கு எழுதினார்கள். அங்கேயும் சிரிப்புதான். ஆனால் இத்தனைக்கும் அங்கே உண்மையிலேயே தவறு நடந்திருந்தது. இங்கே தவறே நடக்கவில்லை!

இனி அந்தப் பெண் குரூப்பில் வாயைத் திறப்பாளா? மாட்டாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டுவாள். மீட்டிங்கில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டால் மியூட்டிலேயே இருப்பாள். மூன்று மாதம் கழித்து இதே மனிதர் வந்து, "இப்ப வர்ற பசங்க கேள்வியே கேக்கறதில்ல" என்று இன்னொரு பதிவு போடுவார். அதற்கும் நீங்கள் ஹார்ட்டின் விடுவீர்கள்.

அந்தப் பதிவை எடுத்துவிடச் சொன்னதற்கு, "டெலிட் பண்ணச் சொல்ல நீ யாரு?" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: நான் யாருமில்லை. டெலிட் செய்ய வேண்டாம், அந்தப் படத்தையாவது மறைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் நாளைக்கும் அதே குரூப்பில்தான் குட்மார்னிங் சொல்ல வேண்டும்.