புள்ளிக்குப் பின்னால் நீளத்தை அளக்காதீர்கள்

தசம எண்களை ஒப்பிட, "புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடக் கூட எண் சிறிதாகும்" என்கிறீர்களே, தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தராதீர்கள். 0.35, 0.4-ஐ விடச் சின்னது, சரி, ஆனால் 0.75, 0.6-ஐ விடப் பெரியதாயிற்றே! இங்கே பெங்களூரு அல்சூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பெண் இதே விதியை நம்பி வரிசையைத் தலைகீழாக எழுதிவிட்டாள். காய்கறிக் கடைத் தராசைக் காட்டினேன்: தக்காளி 0.750, வெங்காயம் 0.600. கடைசிச் சுழியால் எடை மாறவில்லை என்று அவளே பிடித்துக்கொண்டாள். முதலில் முழு எண், அது சமமென்றால் பத்தில் ஒன்றாம் இடம், அதுவும் சமமென்றால்தான் நூறில் ஒன்றாம் இடம், இப்படி இடமிருந்து வலமாக ஒப்பிடச் சொல்லுங்கள். 0.457, 0.46 இரண்டையும் கொடுத்தால், 5-க்கும் 6-க்கும் இடையிலேயே விடை தெரிந்துவிடும், அந்த 7 வரை போகவே வேண்டாம்.