மிக்சிக்கு எதற்கு டர்போ?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எந்த வீட்டு உபயோகக் கடைக்குள் நுழைந்தாலும், பொருளின் பெயருக்குப் பின்னால் டர்போ, புரோ, மேக்ஸ், அல்ட்ரா என்று ஒரு வால் தொங்குவது பெரும் எரிச்சலாக இருக்கிறது. டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சுழலியை ஓட்டி, அதன் மூலம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து, அதிக எரிபொருளை எரித்துத் திறனைக் கூட்டும் ஏற்பாடு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். மின்சாரத்தில் ஓடும் மிக்சியில் எரிபொருளும் இல்லை, புகையும் இல்லை.

மீன்கறிக்குத் தேங்காயும் மல்லியும் மையாக அரைபட வேண்டும் என்பதே எங்கள் தேவை. அதற்கு மோட்டார் 500 வாட்டா 750 வாட்டா, நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பவை தெரிந்தாக வேண்டும். சென்ற வாரம் ஒரு கடையில் அதைக் கேட்டதற்கு, “அண்ணே, இது டர்போ மாடலாக்கும், நல்ல பவரு” என்பதையே விற்பனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். வாட் அளவோ, பெட்டியைக் கவிழ்த்து, கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் இருந்தது. டர்போ என்ற எழுத்துக்குக் கொடுத்த இடத்தை அந்த எண்ணுக்குக் கொடுத்திருக்கலாமே.