எத்தனை மாச பாக்கி?

ரெண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்று காலையில் ஆறாவது ஆள் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி, கூடவே சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும், வாடகை பாக்கி என்று ஓர் அக்காவையும் பிள்ளையையும் வெளியே தள்ளிப் பூட்டின வீட்டின் படம். பினாங்கு, ஜெலுத்தோங் பிளாட், 11வது மாடி. கிரில் கதவில் பளபளவென்று புதுப் பூட்டு. வெளியே, மூடியைச் சேலைக் கிழிசலால் கட்டிய ரைஸ் குக்கர், இரண்டு கருப்புக் குப்பைப் பை நிறையத் துணி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த முருகன் படம். நடுவில் பாய் விரித்து நாலு பெண்கள். அதைப் போட்டு நம் சமூகத்துப் பெரியவர் ஒருவர் எழுதிய வரி: “வாடகை கட்டாதவளுக்குச் சங்கமாம், பிக்னிக் வேறு.” லைக் மட்டும் 600க்கு மேல்.

பிக்னிக் இல்லைங்க பெரியவரே. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நாலு பேரில் வக்கீல் இல்லை, கட்சிக்காரர் இல்லை. நாலு பேருமே ஒரு காலத்தில் இதே மாதிரி பூட்டின கதவுக்கு வெளியே நின்றவர்கள். ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். யாருக்காவது வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தால், கை காலியாக இருக்கிற ரெண்டு பேர் போவார்கள். அன்று எனக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட், போக முடியவில்லை. போயிருந்தால் படத்தில் ஐந்து பேர் இருந்திருப்போம்.

போய் என்ன செய்தார்கள்? பூட்டைப் படம் பிடித்தார்கள். “நானாகவே வீட்டைக் காலி செய்கிறேன்” என்று ஏஜென்ட் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாதே என்றார்கள். பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கூட்டிப்போய் ரிப்போர்ட் கொடுக்க வைத்தார்கள். பிள்ளைக்குச் சோறு வாங்கிக் கொடுத்தார்கள். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சும்மாதான் பெரிய விஷயம். சாமிப் படத்தைத் திருப்பி வைத்தது அந்த அக்காவேதான். இதையெல்லாம் அவர் பார்க்க வேண்டாமாம்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், எங்கள் வீட்டிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

நான் பிறந்தது ஜார்ஜ் டவுன் கிங் தெருவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், பலகை தடுத்த ஒரே அறையில். 1948க்கு முன் கட்டின வீடுகளின் வாடகையை ஏற விடாமல் பிடித்து வைத்திருந்த பழைய சட்டத்தை 1997ல் எடுத்தார்கள். கொடுத்த அவகாசம் 1999 கடைசியோடு முடிந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா கொடுத்த வாடகை 45 வெள்ளி (ரிங்கிட்). ஜனவரியிலிருந்து 600 வெள்ளி, இல்லையென்றால் காலி செய் என்று கடிதம் வந்தது. அப்பா அதை யாரிடமும் காட்டவில்லை. நாலாக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போனார், வந்தார். ரெண்டு மாதம். அம்மாவுக்கே தெரியாது.

கீழே அஞ்சடியில் (கடைவீட்டு முன்நடையில்) பொட்டலக் கடை வைத்திருந்த சீனர் அங்கள் ஒருநாள் மாடிக்கு ஏறி வந்தார். கையில் அதே மாதிரி ஒரு கடிதம். “உனக்கும் வந்திருக்குமே” என்று மலாயில் கேட்டார். அப்பா அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதார். பினாங்கில் அப்போது வாடகைக்காரர்களே சேர்ந்து எஸ்ஓஎஸ் என்று ஓர் அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். ‘சேவ் அவர்செல்வ்ஸ்’, நம்மை நாமே காப்பாற்றிக்கொள்வோம் என்று அர்த்தம். அங்கள்தான் அப்பாவை அவர்கள் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வீடு மிஞ்சவில்லை. ஆனால் போகும்போது அப்பா தலை நிமிர்ந்து போனார், ஆயர் ஈத்தாமில் வேறு வீடு பார்த்த பிறகு போனார். 2008ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனுக்குப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. நாங்கள் இருந்த மாடியில் இப்போது காப்பி விற்கிறார்கள்.

நம் ஆட்கள் அப்போது வராமல் இல்லை, வந்தார்கள். வந்ததும் முதல் கேள்வி: “எத்தனை மாச பாக்கி?” ஒரு காசு பாக்கி கிடையாது. ஆனாலும் அதைத்தான் கேட்டார்கள். இருபத்தைந்து வருடம் கழித்தும் கேள்வி மாறவில்லை.

“ஓனரும் மனிதன்தானே, அவனுக்கும் பேங்க் லோன் இருக்காதா?” இருக்கும். நியாயமான கேள்வி. நானே இப்போது ஒரு சின்ன வீட்டுக்கு லோன் கட்டுகிறவள்தான். ஓனருக்கு வழி இருக்கிறது, அது கோர்ட் வழி. 1950ஆம் வருடத்து ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம், 7வது பிரிவு, கோர்ட் உத்தரவு இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்கிறது. பாக்கிக்காகச் சாமானைப் பிடிப்பதற்குக்கூட 1951ஆம் வருடத்து டிஸ்ட்ரெஸ் சட்டப்படி கோர்ட் வாரண்ட் வேண்டும். பூட்டை மாற்றி ரைஸ் குக்கரைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்லி எந்தச் சட்டத்திலும் இல்லை. இதைச் சொன்னால் நான் ஓசிக்காரி.

“நீங்கள்தான் பாக்கி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.” குரூப்பில் வந்து ஒரு வாரம் இருந்து பாருங்கள். பாக்கி பாக்கிதான், ஓடி ஒளியாதே, ஓனரிடம் பேசித் தவணை கேள் என்றுதான் முதலில் சொல்வோம். அக்ரிமென்ட் முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்தால் ஓனர் இரட்டை வாடகை கேட்கலாம், சட்டத்தில் இருக்கிறது என்று பயமுறுத்துவதும் நாங்கள்தான். ஏமாற்றுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒருவர் எங்களையும் ஏமாற்றினார், அது தனிக் கதை, விடுங்கள்.

“பேசாமல் வக்கீலிடம் போகலாமே.” போனோம், இலவச சட்ட உதவிக்கும் போனோம். ஆபீஸ் திறப்பது காலையில். பூட்டு மாற்றினது சாயங்காலம் ஆறரைக்கு. அந்த ராத்திரி அவள் யாரோடு உட்காருவது?

இன்னொன்று. 2009ல் பினாங்கில் கம்போங் புவா பாலா என்கிற தமிழ்க் கிராமத்தை இடித்தபோது இதே பெரியவர் கண்ணீர் விட்டார், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாடு, தென்னை மரம், பழைய தமிழ் ஊர் என்றால் நமக்கு அழுகை வரும். 11வது மாடியில் ரெண்டு ரூம் பிளாட் என்றால் வராது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட அள்ளிக் கொடுக்கிறோம், வழியெல்லாம் பந்தல், காது கிழியப் பாட்டு. கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். அங்கே மோர் வாங்கிக் குடிக்கிறவனிடம் யாராவது எத்தனை மாச பாக்கி என்று கேட்கிறோமா?

சரி, அத்தனை பேரும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். மூன்று மாசம். அவள் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள். போதுமா? இனி யாரும் இன்பாக்ஸில் வந்து கேட்க வேண்டாம்.

இன்பாக்ஸுக்கு வருவதானால் வேறு விஷயத்துக்கு வாருங்கள். அக்காவும் பிள்ளையும் இப்போது குரூப்பில் ஒருத்தி வீட்டு ஹாலில் படுக்கிறார்கள். மூன்று நாளாக வீடு தேடுகிறோம். ஒன்பது நம்பருக்குப் போன் போட்டோம், ஐந்து பேர் “இந்தியரா?” என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஜெலுத்தோங், கிரீன் லேன் பக்கம், பள்ளிக்கூடத்துக்கு பஸ் இருக்கிற மாதிரி, 700 வெள்ளிக்குள். ரெண்டு மாச டெபாசிட்டை ஒரேயடியாகக் கேட்காமல் பிரித்து வாங்கிக்கொள்கிற ஓனர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். நம் பெரியவருக்கே ரெண்டு வீடு இருக்கிறதாகக் கேள்வி.