துளை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை

"பழைய பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னில் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) நல்ல சைட் (குறிபார்க்கும் கருவி) வைக்க ரிசீவரைத் (துப்பாக்கியின் நடு உலோக உடல்) துளைத்தே ஆகணும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1950-இல் வந்த ரெமிங்டன் 870-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மேகசின் (குழலுக்கு அடியில் தோட்டா வைக்கும் குழாய்) மூடியைத் திருகிக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். அதே கேஜில் (குழல் துளையின் அளவு), ரைஃபிள் சைட் பொருத்திய 870 குழலை மாட்டினால் வேலை முடிந்தது. சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் ரெட் டாட் சைட்தான் வேண்டுமா? டிரிகர் பகுதியைப் பிடிக்கும் பின்களின் துளைகளிலேயே பூட்டும் சேணவடிவ மவுண்ட் இருக்கிறது. ஆனால் அது சற்று உயரம். குறிபார்க்கும்போது கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் படியாது, கட்டையை உயர்த்தும் கன்னத்திண்டு தேவைப்படும். அப்புறம், இன்னொரு பம்ப் துப்பாக்கியான பழைய இத்தாக்கா 37-க்கு இந்தக் குழல் யோசனை ஒத்துவராது: வரிசை எண் 8,55,000-க்குக் கீழே உள்ளவற்றில் குழலைத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி தனியாகப் பொருத்தியிருப்பார்கள்.