கல்லுக்குத் தண்ணி மட்டுமா காரணம்?

காங்கயம் பக்கம் எங்க ஊர்ல யாருக்குக் கல்லடைப்பு வந்தாலும் பழி போர் தண்ணி மேலதான். 900 அடியில இருந்து ஏறி வர்ற தண்ணி, குடத்தடியில வெள்ளையாப் படிஞ்சு கெடக்கும். எங்க அத்தைக்கு மூணு தடவை கல்லு வந்துச்சு. மூணு தடவையும் வாழைத்தண்டுச் சாறு, ஆஸ்பத்திரி, "இனிமேலாச்சும் கேன் தண்ணி குடிங்க"ங்கற புத்திமதி. அதே குடத்துத் தண்ணியைக் குடிச்ச மாமனுக்கு ஏன் வரலைன்னு ஒருத்தரும் கேக்கல. நானுந்தான்.

நாலாவது தடவைதான் ஒரு டாக்டரம்மா ரத்தத்துல கால்சியம் பாக்கச் சொன்னாங்க. 12.4. பத்தரைக்குள்ள இருக்கோணும்.

கழுத்துல, தைராய்டுக்குப் பின்னாடி, அரிசியாட்டம் நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்குதுங்க. அதுல ஒண்ணு கட்டியாயிருச்சுன்னா ஹார்மோன் நிக்காம சுரந்து, எலும்புல இருக்கற கால்சியத்தை உருவி ரத்தத்துல கொட்டும். அதுதான் கிட்னியில கல்லாகுது. புத்துநோய் இல்லீங்க, பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான்.

சார்லஸ் மார்ட்டெல்னு ஒரு அமெரிக்கக் கப்பல் கேப்டன். இந்த நோயில எலும்பு கரைஞ்சு ஆளு அரையடி உசரம் கொறைஞ்சுட்டாரு. ஆறு ஆபரேஷன் பண்ணியும் கட்டி கெடைக்கல. அவரே நூலகத்துல உக்காந்து படிச்சு, சுரப்பி எடம் மாறி நெஞ்சுக்குள்ள இருக்கலாம், அங்க பாருங்கன்னு டாக்டருங்களை நெருக்கினாரு. 1932-ல ஏழாவது ஆபரேஷன்ல அங்கதான் இருந்துச்சு. ஆனா சில வாரத்துலயே போய்ச் சேந்துட்டாரு.

கனடாவுல ஜானிஸ் பசீக்கான்னு ஒரு சர்ஜன், நோயாளியே மார்க் போடற மாதிரி இந்த நோயோட 13 தொந்தரவைப் பட்டியல் போட்டாங்க. எலும்பு வலி, தாகம், சிடுசிடுப்பு, மறதி, மனச்சோர்வு, நாற்காலியில இருந்து எந்திரிக்கச் சிரமம் எல்லாம் அதுல இருக்குது. படிச்சப்ப எனக்குத் திக்குனு ஆயிருச்சு. எந்த மாமியார்கிட்ட வேணாலும் அதை வாசிச்சுக் காட்டுங்க, மருமகளைப் பத்தின புகார்னுதான் நெனப்பாங்க. அத்தையை நாங்க பத்து வருசமா "சிடுமூஞ்சி, கூப்புட்டா எந்திரிக்கவே ஒரு மணி நேரம்"னு பேசிட்டிருந்தோம்.

ரெண்டாவது தடவை கல்லு வந்துதுன்னா கால்சியம் பாத்தே ஆகோணுங்க. பெரிய செலவில்லாத டெஸ்ட். அமெரிக்காவுல 1970-கள்லயே வழக்கமான ரத்தப் பரிசோதனையில இதுவும் சேந்துருச்சு, தொந்தரவு வர்றதுக்கு முந்தியே புடிச்சர்றாங்க. நம்ம நாட்டுல இன்னும் நெறையப் பேரு கல்லோடயும் ஒடைஞ்ச எலும்போடயுந்தான் வந்து சேர்றாங்க. தண்ணியை நான் முழுசா விட்டுடல. சித்திரை வெயில்ல தண்ணி குடிக்காம தறியோட்டுறவங்களுக்குக் கல்லு வரத்தான் செய்யும்.

அத்தைக்கும் பாராதைராய்டு கட்டிதான். ஆபரேஷன் பண்ணி அதை எடுத்த மறுநாள் அவங்களுக்கு விரல் நுனியெல்லாம் மதமதப்பு. காஞ்சு கெடந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்குதாம், மாத்திரை குடுத்தாங்க. போன மாசம் மாரியம்மன் நோம்பியில பந்தியை விட்டுக் கையூணாம எந்திரிச்சாங்க. மாமன் மட்டும் இன்னும் கேன் தண்ணி வாங்கிட்டுத்தான் இருக்கறாரு.