ஐம்பது நாளில் நாற்பத்தொன்பதைத் தொலைத்தவர்கள்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறான இன்று, காலைத் திருப்பலியில் பாடகர் குழுவில் ஐந்து பேர் நின்றோம். போன ஞாயிறு இருபத்து மூன்று பேர். வராத பதினெட்டுப் பேரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. போகலாமா, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாமா என்று படுக்கையில் புரண்டுவிட்டுத்தான் நானும் எழுந்தேன். பெரிய வியாழன் மாலை தொடங்கி ஈஸ்டர் காலை வரை பாடின தொண்டை இன்னும் திறக்கவில்லை.

நற்செய்தி, வழக்கம்போல, தோமா: உயிர்த்த இயேசு முதல் முறை வந்தபோது அங்கே இல்லாமல், நானே பார்த்தால்தான் நம்புவேன் என்ற சீடர். கத்தோலிக்கர்களின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் பெரும்பாலான ஞாயிறுகளுக்கு நற்செய்திப் பகுதி ஆண்டுதோறும் மாறும். பாஸ்கா காலத்தின், அதாவது ஈஸ்டர் காலத்தின், இரண்டாம் ஞாயிறுக்கோ எந்த ஆண்டானாலும் யோவான் 20:19-31 தான். எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வந்தார் என்று அந்தப் பகுதியே சொல்கிறதே, அந்த எட்டாம் நாள் இன்றுதான். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண் தன் குறிப்புகளில், ஈஸ்டரின் எட்டாம் நாள் மக்கள் சீயோனில் கூடுவதையும் அங்கே தோமாவின் பகுதி வாசிக்கப்படுவதையும் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடப் பழக்கம்!

எனக்கு ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் சிரிப்பு வரும். தோமா முதல் ஞாயிறு வரவில்லை, இரண்டாம் ஞாயிறு வந்துவிட்டார். நம் ஆட்கள் முதல் ஞாயிறு வந்துவிட்டு இரண்டாம் ஞாயிறு காணாமல் போகிறார்கள். வந்திருந்த அந்தத் தோமாவின் கதையைக் காலி இருக்கைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.

அதற்கடுத்து மறையுரையில் என்ன வரும் என்பதும் எனக்குத் தெரியும். "ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் கோவிலுக்கு வருகிறவர்கள்..." இந்த வசவை நான் எத்தனையோ மறையுரைகளில் கேட்டாயிற்று. வேடிக்கை என்னவென்றால், திட்டு வாங்க வேண்டியவர்கள் அன்றைக்கு அங்கே இருக்கமாட்டார்கள். வந்திருக்கிற நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கு இந்த ஆண்டு இன்றுதான், ஏப்ரல் 12 தான், ஈஸ்டர். கிழக்கு மரபில் அந்த இரவு வழிபாட்டில் பழங்கால ஆயர் யோவான் கிறிசோஸ்தோமின் பெயரில் வழங்கும் ஒரு சிறு மறையுரையை வாசிப்பார்கள். நோன்பிருந்தவரும் வாருங்கள், நோன்பிருக்காதவரும் வாருங்கள், கடைசி மணி நேரத்தில் வந்தவரும் தயங்காமல் விருந்துக்கு உட்காருங்கள் என்பதுதான் அதன் சாரம். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரை வரவேற்க அதைவிட நல்ல பேச்சை நான் கேட்டதில்லை. அதைப் படித்ததிலிருந்து அந்த வசவு என் காதில் ஏறுவதில்லை.

என் கோபம் அவர்கள் மேல் இல்லை. வாராவாரம் வருகிற நம் மேல்தான்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தை நாம் எப்படி நடத்தினோம் என்று யோசித்துப் பாருங்கள். சாம்பல் புதனிலிருந்தே வேலை. வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, ஒறுத்தல், உண்டியல், தியானம், ஒப்புரவு வழிபாடு, பாட்டுப் பயிற்சி, புனித வாரத்துக்கான கூட்டங்கள். எவர் எங்கே எப்போது நிற்க வேண்டும் என்பதுவரை பட்டியல். பிறகு சனி இரவு. நெருப்பு மூட்டி, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுத்திரியை ஏற்றி, இருட்டில் அதன் பின்னால் நடந்து, தேனீக்களின் உழைப்பைக்கூட மறக்காமல் நன்றி சொல்லும் பாஸ்கா புகழுரையைப் பாடி, நாற்பது நாள் வாயில் பூட்டு போட்டிருந்த அல்லேலூயாவைத் திறந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். படுத்தவர்கள் படுத்தவர்கள்தான்.

நோன்புக்கு நாற்பது நாள் ஒதுக்கிய திருச்சபை விழாவுக்கு ஐம்பது நாள் ஒதுக்கியிருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு முதல், தூய ஆவியார் சீடர்கள்மேல் இறங்கிய நாளான பெந்தகோஸ்து வரை, இந்த ஆண்டு மே 24 வரை, எல்லாம் சேர்ந்து ஒரே விழா. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது வகுத்த விதிகள் இந்த ஐம்பது நாளையும் ஒரே திருநாளாக, ஒரு 'பெரிய ஞாயிறாக'க் கொண்டாடச் சொல்கின்றன. இடையில் வரும் ஞாயிறுகளுக்குப் பெயர் வைப்பதிலும் கவனமாக இருந்திருக்கிறார்கள்: 'பாஸ்காவுக்குப் பின்வரும் ஞாயிறு' என்று இல்லை, 'பாஸ்கா காலத்தின் ஞாயிறு'. இது ஏதோ நேற்று முளைத்த யோசனையும் அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பாஸ்கா முதல் பெந்தகோஸ்து வரை நாங்கள் நோன்பிருப்பதும் இல்லை, முழந்தாளிடுவதும் இல்லை என்று எழுதுகிறார். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கம், கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றி அவ்வளவு பெரிய வாக்குவாதம் முடித்துவிட்டு, தன் இருபதாவது விதியில் இதையும் சொல்லிவைத்தது: ஞாயிறுகளிலும் பெந்தகோஸ்து காலத்திலும் நின்றுகொண்டே செபியுங்கள். முழந்தாளிடக் கூடாது என்பதற்காக ஒரு பொதுச்சங்கமே விதி போட்டிருக்கிறது! அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான், மூவேளை செபத்துக்குப் பதிலாக 'விண்ணக அரசியே' என்ற மரியன்னை செபத்தைச் சொல்லும் இந்த நாள்களில் நாம் நின்றுகொண்டு சொல்வது.

சரி, அப்படியிருக்க ஏன் ஒரே நாளில் முடித்துவிடுகிறோம்? களைப்பு ஒரு காரணம், அதை நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். பாடகர் குழு, பீடம் அலங்கரிப்பவர்கள், கோவிலைக் கூட்டித் துடைப்பவர்கள், ஃபாதர், எல்லாருமே அந்த மூன்று நாளில் கசக்கிப் பிழியப்பட்டவர்கள். ஈஸ்டர் திங்களன்று எங்கள் ஃபாதரின் முகத்தைப் பார்த்தால் உயிர்த்தவர் முகமாகத் தெரியவில்லை, பாவம்.

ஆனால் அது மட்டும் இல்லை. தவக்காலத்தில் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. நடக்கலாம், விட்டுக்கொடுக்கலாம், எண்ணிக்கை வைக்கலாம். சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்களும் எல்லார் வீட்டுச் செபப் புத்தகத்திலும் இருக்கின்றன. உயிர்ப்புக்குப் பிறகான காட்சிகளை அதேபோலப் பதினான்கு தலங்களாகத் தியானிக்கும் 'ஒளியின் பாதை' என்று ஒன்று உண்டு. 2001-இல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி பற்றிய வழிகாட்டுதலிலேயே அது இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அதில் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. நடந்தால்தானே கலந்துகொள்ள?

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் தயக்கம். சனி நள்ளிரவில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, மணி அடித்து, 'உன்னதங்களிலே' பாடும்போது எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த நிமிடத்தில் வராதவருக்கு அது வரவே இல்லை என்றாகிவிடுகிறது. ஆனால் நற்செய்திகளைத் திறந்து பாருங்கள், அந்த முதல் ஈஸ்டரில் துள்ளிக் குதித்தவர் யார்? மாற்கு 16:8-இல் பெண்கள் கல்லறையைவிட்டு ஓடுகிறார்கள், அச்சத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. லூக்காவில் அவர்கள் போய்ச் சொன்னதைத் திருத்தூதர்கள் பிதற்றல் என்று தள்ளுகிறார்கள். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில் மலைமேல் நேரிலேயே பார்த்து வணங்குகிற கூட்டத்திலும் சிலருக்கு ஐயம். பேதுரு? இரண்டு முறை பார்த்த பிறகும் "நான் மீன் பிடிக்கப் போகிறேன்" என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகதலா மரியாவுக்கே இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஆள் தெரிந்தது. அடுத்த ஞாயிறு வரப்போகும் எம்மாவு வாசகத்தில், எம்மாவு என்ற ஊருக்கு நடக்கும் சீடர்கள் இருவரும் 'நம்பியிருந்தோம்' என்று இறந்தகாலத்தில் பேசிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறார்கள். கூடவே நடப்பவர் யாரென்றே தெரியாமல்.

திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம் சொல்கிறது, நாற்பது நாள் இயேசு திரும்பத் திரும்ப அவர்களிடம் வந்துகொண்டிருந்தார் என்று. நேரில் பார்த்தவர்களுக்கே அத்தனை நாள் தேவைப்பட்டிருக்கிறது. நம்மை மட்டும் ஒரு ராத்திரியில் நம்பி, மகிழ்ந்து, முடித்துக்கொள்ளச் சொன்னால் எப்படி?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அம்மாவின் அடக்கம். சில வருடங்களுக்கு முன், பாஸ்கா காலத்தின் நான்காம் வாரத்தில் அம்மா போனார். அந்த வருடம் ஈஸ்டர் சனி இரவுத் திருவிழிப்புக்கு நான் போகவில்லை, அம்மா பக்கத்தில் இருந்தேன். ஈஸ்டர் காலை ஃபாதர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். அம்மா வாங்கிக்கொண்டார், நானும் வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஈஸ்டர் என்று தேதிதான் சொன்னது.

அடக்கத் திருப்பலியில் பெட்டியின் தலைமாட்டில் பாஸ்கா திரியை ஏற்றி வைத்திருந்தார்கள். பாடகர் குழு பழக்கதோஷத்தில் தவக்காலத்துப் பாட்டு ஒன்றை எடுத்தது. என் சொந்தக் குழு, நான் எதுவும் சொல்லவில்லை. நற்செய்திக்கு முன் ஃபாதர் அல்லேலூயாவை ஆரம்பித்தார். பின்னால் பெரியம்மா, "சாவுக்கு என்ன அல்லேலூயா வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தது கேட்டது. எனக்கும் வாய் வரவில்லை. திரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்து எரிந்து ஒரு விரல்கடை குறைந்திருந்தது. ஆண்டின் எண்கள், சிலுவை, ஐந்து காயங்களுக்கான ஐந்து சாம்பிராணி மணிகள், மேலே அகரமும் கீழே னகரமும் எல்லாம் பத்திரமாக இருந்தன. நான் இல்லாத அந்த இரவில் ஏற்றிய அதே நெருப்பு நான்கு வாரம் கழித்து எனக்காக இங்கே நிற்கிறது என்று தோன்றியது. மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். கடைசி அல்லேலூயாவை மட்டும் சேர்ந்து பாடினேன். என் ஈஸ்டர் அந்த வருடம் அன்றைக்குத்தான் வந்தது.

ஈஸ்டர் ஒரே நாளோடு முடிந்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது. அதனால்தான் இந்த ஐம்பது நாளுக்காக வாதாடுகிறேன்.

புதிதாகத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என் தலையில்தான் விழும், பங்குப் பேரவைக் கூட்டத்தில் அது நன்றாகவே தெரிந்துகொண்ட பாடம். தவக்காலத்துக்குத் திட்டம் போடும்போதே கையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். பூவுக்கான பணம் முழுவதையும் ஒரே ராத்திரியில் பீடத்தில் கொட்ட வேண்டாம்; ஆறாம் ஞாயிறும் பாஸ்காதான். பாடகர் குழு இருபது பாட்டுப் பழகி நான்கு நாளில் தீர்ப்பதற்குப் பதில், நான்கு பாட்டை ஏழு வாரம் பாடட்டும். குழந்தைகளின் திருமுழுக்கை இந்த வாரங்களுக்குக் கொண்டுவரலாம். இந்த வருடம் வீட்டில் ஒருவரை இழந்தவர்களைப் பார்த்துவிட்டு வர இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. அவர்களுக்குச் சனி நள்ளிரவில் எதுவும் வந்திருக்காது.

வாசகங்களையாவது காது கொடுத்துக் கேட்கலாம். இந்த வாரங்களில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது, திருத்தூதர் பணிகளிலிருந்து வரும். முதல் சபையை ஏதோ தேவதூதர் கூட்டம் என்று நினைப்பவர்கள் மே 3 அன்று கோவிலுக்கு வாருங்கள். ஆறாம் அதிகாரம். அன்றாடப் பகிர்வில் எங்கள் கைம்பெண்களைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறையிடுகிறார்கள். பேசினார்கள், ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், பொறுப்பைக் கொடுத்தார்கள். உயிர்ப்பு நடந்து சில காலத்துக்குள் சபையில் பந்தி தகராறு! எனக்கு இது பெரிய ஆறுதல். பவுலும் பர்னபாவும் மாற்குவை வைத்துச் சண்டைபோட்டுப் பிரிந்த பகுதியைத் தினசரி வாசகங்களில் லாவகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது தனிக் கதை, பதினைந்தாம் அதிகாரத்தின் கடைசியில் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுத வைத்தது இன்று காலை நடந்த ஒரு சின்ன விஷயம். போன சனி இரவு எங்கள் கோவிலில் வயதுவந்தவர்கள் இருவர் திருமுழுக்குப் பெற்றார்கள். கைதட்டினோம், படம் எடுத்தோம். பழைய திருச்சபையில் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் முழுக்கப் புதியவர்களுக்கானது. வெள்ளை உடையிலேயே எட்டு நாளும் வருவார்கள். இந்த ஞாயிற்றுக்கே 'வெள்ளாடை ஞாயிறு' என்று பழைய பெயர் உண்டு. எருசலேமில் சிரில் ஆயர் அந்த வாரத்தில், நீங்கள் இறங்கிய தண்ணீர் என்ன, பூசிய எண்ணெய் என்ன, உண்ட அப்பம் என்ன என்று அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். நாம் சான்றிதழ் கொடுத்தோம்.

அந்த இருவரில் ஒருவர் இன்று கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு. பூசை முடிந்து கீழே இறங்கி அவரிடம் போனேன். பெயரை மறுபடி கேட்க வேண்டியிருந்தது, வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒரே கேள்விதான்: "அந்தப் பெரிய திரி அடுத்த வாரமும் எரியுமாங்க?"

பெந்தகோஸ்து வரை எரியும் என்றேன்.

"அதுக்கப்புறம்?"

திருமுழுக்குத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிடுவோம், பிறகு திருமுழுக்குக்கும் அடக்கத்துக்கும் ஏற்றுவோம் என்றேன்.

"அடக்கத்துக்கா?" என்று கண்ணை விரித்தார். அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அடுத்த பூசைக்கு மணி அடித்துவிட்டது.